பெங்களூரு சாஃப் கோப்பை 2023: சேலத்து மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த சாஃப் கால்பந்துப் போட்டியில், போட்டியை நடத்திய இந்தியாவே கோப்பையை வென்றது. சேலம் காந்தி ஸ்டேடியத்தின் ஓரத்திலும், ஊருக்குள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்களிலும், ஏற்காட்டுப் பள்ளி மைதானங்களிலும் இதைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. "சொந்த ஊரு, அதான் ஜெயிச்சாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு வரிக்குள் அடங்காத ஆட்டம் இது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

சாஃப் கோப்பைன்னா என்னங்க? ஐ.எஸ்.எல். மாதிரி ஒண்ணா?

இல்லை. ஐ.எஸ்.எல். என்பது கிளப் அணிகளின் லீக். சாஃப் கோப்பை நாட்டு அணிகளுக்கு இடையே நடப்பது. தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் போட்டி. 1993-ல் லாகூரில் தொடங்கியது. பெங்களூருவில் நடந்தது 14-வது பதிப்பு. இந்தியா 9 முறை வென்றிருக்கிறது: 1993, 1997, 1999, 2005, 2009, 2011, 2015, 2021, 2023.

அதே வருஷம் ஒடிசாவுல லெபனானை ஜெயிச்சோமே, அதுதானே இது?

அது வேறு கோப்பை. 2023 ஜூன் 18-ல் புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லெபனானை 2-0 என்று வென்றோம். மூன்றே நாளில், ஜூன் 21-ல், பெங்களூருவில் சாஃப் தொடங்கிவிட்டது. அங்கேயும் லெபனான் வந்ததால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு மார்ச் மாதம் இம்பாலில் மியான்மரையும் கிர்கிஸ்தானையும் வென்று ஒரு மூன்று நாடுகள் கோப்பையும் கிடைத்தது. ஒரே ஆண்டில் சொந்த மண்ணில் மூன்று கோப்பை.

தெற்காசியக் கோப்பையில குவைத்துக்கும் லெபனானுக்கும் என்ன வேலை?

விருந்தினர் அணிகள். இலங்கைச் சம்மேளனத்தை 2023 ஜனவரியில் ஃபிஃபா இடைநீக்கம் செய்திருந்தது. அதனால் இலங்கை ஆட முடியவில்லை. ஆப்கானிஸ்தான் மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குப் போய்விட்ட அணி. எட்டு அணிகள் வேண்டும் என்பதற்காக மேற்காசியாவிலிருந்து இரண்டு அணிகளை அழைத்தார்கள். போட்டியின் தரம் ஏறியது இவர்களால்தான். அரையிறுதியில் லெபனான், இறுதியில் குவைத் என்று கடைசி இரண்டு ஆட்டமும் இந்தியாவுக்கு விருந்தினர்களோடுதான் அமைந்தது.

இந்தியா ஆடின ஆட்டத்தை எல்லாம் வரிசையா சொல்லுங்களேன்.

ஜூன் 21 பாகிஸ்தானுடன் 4-0. ஜூன் 24 நேபாளத்துடன் 2-0. ஜூன் 27 குவைத்துடன் 1-1. ஜூலை 1 அரையிறுதியில் லெபனானுடன் 0-0, டை-பிரேக்கரில் (சமநிலையை முடிக்க இரு அணியும் மாறிமாறி உதைக்கும் பெனால்டிகளில்) 4-2. ஜூலை 4 இறுதியில் மறுபடி குவைத்துடன் 1-1, டை-பிரேக்கரில் 5-4.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்றைக்கூட 90 நிமிடத்திலோ 120 நிமிடத்திலோ இந்தியா வெல்லவில்லை. கோப்பை வந்தது பெனால்டிப் புள்ளியிலிருந்து. கீழே அந்தப் பகுதியை நீட்டி எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாகிஸ்தான் மேட்ச்ல முதல் கோல் சும்மா கிடைச்ச கோல்தானே அண்ணா?

எதிரணிக் கோலியின் (கோல்கீப்பரின்) தப்பில் வந்த கோல் என்பது சரி. சும்மா கிடைத்தது என்பது சரியில்லை. அன்றைக்கு மழை, புல் நனைந்து கிடந்தது. 10-வது நிமிடத்தில் பந்து பின்னால் கோலியிடம் போனதும் இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி நிற்கவில்லை, ஓடிப்போய் நெருக்கினார். கோலி தடுமாறினார், பந்து சேத்ரி காலுக்கு வந்தது. ஈரமான தரையில் பின்னுக்குத் தரும் பந்து எதிர்பார்த்ததைவிட வழுக்கிக்கொண்டு வரும், அல்லது தேங்கிய தண்ணீரில் சட்டென்று நின்றுவிடும். கோலி முதல் தொடுதலில் அதை நிறுத்தப் பார்த்தால் எதிரணி ஃபார்வர்டுக்கு ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். மழை நாளில் உங்கள் கோலிக்குச் சொல்லிவைக்க வேண்டியது: பின்பாஸ் வந்தால் நிறுத்தாதே, ஓரக்கோட்டுக்கு வெளியே அடித்துவிடு.

அன்று சேத்ரி அடித்தது மூன்று கோல்; அதில் இரண்டு பெனால்டி. நான்காவது கோல் உதாந்தா சிங் அடித்தது. பாகிஸ்தான் அணி விசா தாமதத்தால் ஆட்ட நாளன்றுதான் பெங்களூரு வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே இந்த 4-0-வை எடைபோட வேண்டும்.

குரூப்ல நமக்கும் 7 பாயிண்ட், குவைத்துக்கும் 7 பாயிண்ட். அவங்க எப்படி முதலிடம்?

இரண்டு அணியும் இரண்டு வெற்றி, ஒரு டிரா. நேருக்கு நேர் ஆட்டம் 1-1, அதில் முடிவில்லை. குவைத் நேபாளத்தை 3-1, பாகிஸ்தானை 4-0 என்று வென்றிருந்தது. ஆக அடித்தது 8, வாங்கியது 2, வித்தியாசம் +6. இந்தியா அடித்தது 7, வாங்கியது 1, அதுவும் +6. வித்தியாசமும் சமம் என்பதால் அடித்த கோல்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 8 பெரிது, குவைத் முதலிடம்.

உள்ளூரில் டோர்னமெண்ட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமப் புள்ளி வந்தால் எதை முதலில் பார்ப்பது என்பதை ஃபிக்ஸ்சர் ஒட்டும் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஆசியக் கோப்பையில் நேருக்கு நேர் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேறு போட்டிகளில் கோல் வித்தியாசம் முதலில் வரும். இரண்டுமே முறைதான். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு கமிட்டி உட்கார்ந்து முடிவெடுத்தால் அது எவ்வளவு நியாயமான முடிவாக இருந்தாலும் தோற்ற அணி நம்பாது.

அந்த சேம் சைடு கோல் மட்டும் விழாம இருந்தா என்ன ஆகியிருக்கும்?

குவைத்துடனான குரூப் ஆட்டத்தில் முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் அனிருத் தாபா எடுத்த கார்னரை சேத்ரி தரையில் விழவிடாமல் அப்படியே அடித்து கோலாக்கினார். அந்த 1-0 கடைசி வரை நின்றது. 90 நிமிடம் தாண்டி இரண்டாவது நிமிடத்தில் குவைத் கிராஸை வெளியேற்றப் போன நம் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலியின் காலில் பட்டு பந்து நம் வலைக்குள்ளேயே விழுந்தது.

விழாமல் இருந்திருந்தால் இந்தியாவுக்கு 9 புள்ளி, குரூப்பில் முதலிடம், அரையிறுதியில் வங்கதேசம். விழுந்ததால் இரண்டாமிடம், அரையிறுதியில் லெபனான். அடுத்த குரூப்பில் மூன்று ஆட்டமும் வென்று வந்த அணி அது. வங்கதேசமும் லேசான அணி இல்லை; குவைத்தை எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்துத்தான் 1-0 என்று தோற்றது.

அன்வர் அலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான்கே நாளில் அரையிறுதி டை-பிரேக்கரில் உதைக்க முன்வந்து கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். சேம் சைடு போட்ட பையனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கும் பயிற்சியாளர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

கோச்சுக்கு ரெட் கார்டு கொடுக்க முடியுமா? அவர் ஆடவே இல்லையே!

முடியும். 2019-ல் மாறிய விதிப்படி அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பாகிஸ்தான் ஆட்டத்தின் முதல் பாதி முடியும் நேரத்தில், த்ரோ எடுக்கப்போன பாகிஸ்தான் வீரர் கையிலிருந்த பந்தை இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் தட்டிவிட்டார். சிவப்பு அட்டை. நேபாள ஆட்டத்தில் அவர் பெஞ்சில் இல்லை. குவைத்துடனான குரூப் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தவர் மறுபடி வெளியேற்றப்பட்டார். இந்த முறை இரண்டு ஆட்டத் தடையும் 500 டாலர் அபராதமும். அரையிறுதியையும் இறுதியையும் உதவிப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி நின்று நடத்தினார்.

வெளியேற்றப்பட்ட பயிற்சியாளர் கோட்டுக்குப் பின்னால் நின்று கத்தவும் கூடாது. மைதானத்தின் சுற்றுப்புறத்தை விட்டே போக வேண்டும். உள்ளூர் ஆட்டங்களில் இதைத்தான் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை: கார்டு வாங்கியவர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அதே சத்தத்தில் ஆளை மாற்றச் சொல்வார்.

ஜிங்கன் ஏன் செமி ஃபைனல் ஆடலை? அடிபட்டுச்சா?

அடியில்லை, அட்டை. இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை சேர்ந்தால் அடுத்த ஆட்டம் உட்கார வேண்டும். ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறுவது வேறு கணக்கு. தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் அப்படித்தான் லெபனான் ஆட்டத்தை இழந்தார், இறுதிக்குத் திரும்பினார்.

லெபனான் மேட்ச்ல நாலு பேர்தான் பெனால்டி அடிச்சாங்க. அஞ்சு பேர் அடிக்கணும்ல?

எதிரணியால் இனி எட்டவே முடியாது என்றானதும் நிறுத்திவிடுவார்கள். சேத்ரி, அன்வர் அலி, மகேஷ் சிங், உதாந்தா நால்வரும் அடித்துவிட்டார்கள். லெபனானின் முதல் உதையை, கேப்டன் ஹசன் மாத்தூக் அடித்ததை, நம் கோலி குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். அவர்களின் நான்காவது உதை கம்பத்துக்கு மேலே போனது. 4-2. லெபனானுக்கு மீதி ஒரு உதைதான். அதை அடித்தாலும் 3. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

ஃபைனல்ல என்னதான் நடந்துச்சு? கோல் யாரு யாரு?

14-வது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்த பந்தை ஷபைப் அல்-கால்தி உள்ளே தள்ளினார். குவைத் 1-0. இந்தப் போட்டியில் எதிரணி வீரர் ஒருவர் இந்தியாவுக்கு எதிராக அடித்த ஒரே கோல் அதுதான். மற்றது மேலே சொன்ன சேம் சைடு.

38 நிமிடம் தாண்டியதும் பதில் வந்தது. பயிற்சியில் போட்டுக் காட்ட ஏற்ற கோல். இடப்பக்கம் ஆஷிக் குருணியன் சேத்ரிக்குக் கொடுக்கிறார். சேத்ரி பந்தை வைத்துக்கொள்ளாமல் பெட்டிக்குள் ஓடும் சஹல் அப்துல் சமதுக்கு நுழைத்துவிடுகிறார். சஹலுக்கு கோல் அடிக்கும் கோணம் இருந்தது, அடிக்கவில்லை, குறுக்கே தள்ளினார். ஆள் இல்லாத கோலில் லாலியன்ஸுவாலா சாங்தே தட்டிவிட்டார். மூன்று பாஸ், மூன்றுமே யோசித்து நிற்காமல் கொடுத்தவை. சஹலின் அந்தக் கடைசிப் பாஸை எங்கள் கணக்கில் கோலுக்குச் சமமாக வைக்கலாம். பிறகு 120 நிமிடம் வரை யாரும் அடிக்கவில்லை.

டை-பிரேக்கர்ல யாரு விட்டாங்க, யாரு அடிச்சாங்க? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இந்தியா முதலில் உதைத்தது. முதல் சுற்றில் சேத்ரி அடித்தார். குவைத்தின் முதல் உதை மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1-0. இரண்டாவது ஜிங்கன், மூன்றாவது சாங்தே. குவைத்தும் இரண்டையும் அடித்தது. 3-2. நான்காவது உதாந்தா மேலே தூக்கிவிட்டார், குவைத் அடித்தது. 3-3. ஐந்தாவது சுபாஷிஷ் போஸ் அடித்தார், அல்-கால்தி அடித்தார். 4-4.

ஆறாவதிலிருந்து ஒன்றுக்கு ஒன்று. மகேஷ் சிங் அடித்தார். குவைத் கேப்டன் காலித் ஹாஜியா வந்தார். குர்பிரீத் பாய்ந்து தட்டிவிட்டார். 5-4. அரையிறுதியில் அடித்த அதே உதாந்தா இறுதியில் விட்டார் என்பதையும் கவனியுங்கள். ஒருமுறை அடித்தவர் மறுமுறையும் அடிப்பார் என்று எழுதிவைக்க முடியாது. ஐந்து பேரின் பெயரை மட்டும் முடிவு செய்துவிட்டு ஆறாவது ஆளை அங்கேயே தேடும் அணிகள் தடுமாறுவதைப் பார்க்கிறோம். ஏழு பேர் வரைக்கும் வரிசை தயாராக இருக்கட்டும்.

நாங்க எங்க டோர்னமெண்ட்ல டை-பிரேக்கர் வைக்கணும். முறையா எப்படி வைக்கிறது?

முதலில் தூரத்தை அளந்துவிடுங்கள். பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், அதாவது 12 கஜம், 36 அடி. "பன்னிரண்டு" என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு எட்டு நடந்து சுண்ணாம்பு போடுவதுதான் எங்கும் நடக்கிறது. சாதாரண எட்டு முக்கால் மீட்டர்தான். பன்னிரண்டு எட்டு வைத்தால் 9 மீட்டரில் நின்றுவிடுவீர்கள். கோலிக்கு அது பெரிய அநியாயம். டேப் இல்லையென்றால் கயிற்றில் 36 அடி அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவு கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. கோல் சிறியதாக இருக்கும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) மைதானத்தில் தூரத்தையும் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நாணயம் இரண்டு முறை சுண்ட வேண்டும்: எந்தக் கோல் என்பதற்கு ரெஃப்ரி ஒருமுறை, யார் முதலில் உதைப்பது என்பதற்கு இரு கேப்டன்களுக்கிடையே ஒருமுறை. ஆட்டம் முடிந்த விசில் அடிக்கும்போது களத்தில் இருந்தவர்கள்தான் உதைக்கலாம். உட்கார வைத்த பெனால்டி ஸ்பெஷலிஸ்டை இப்போது கூட்டிவர முடியாது. ஒரு அணியில் ஆள் குறைவென்றால் மற்ற அணியும் அதே எண்ணிக்கைக்குக் குறைக்க வேண்டும். உதைப்பவரும் இரு கோலிகளும் தவிர மற்ற எல்லோரும் நடுவட்டத்துக்குள். காத்திருக்கும் கோலி நிற்க வேண்டிய இடம், பெனால்டிப் பெட்டிக் கோடு கோல் கோட்டைத் தொடும் மூலை. களத்தில் இருக்கும் எல்லோரும், கோலி உட்பட, ஒருமுறை உதைத்த பிறகுதான் ஒருவர் இரண்டாவது முறை உதைக்கலாம்.

கோலி முன்னாடியே நகர்ந்துட்டா திரும்ப அடிக்க விடணுமா?

உதைக்கும் நொடியில் கோலியின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும். இரண்டு பாதமும் முன்னே வந்து, தடுத்தும் விட்டால் மறு உதை. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மஞ்சள். ஆனால் பந்து கோலுக்கு வெளியே போயிருந்தாலோ கம்பத்தில் அடித்திருந்தாலோ, கோலி நகர்ந்தது உதைத்தவரைத் தெளிவாகப் பாதித்தால் மட்டுமே மறு உதை. கோல் ஆகிவிட்டால் கோல்தான். ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டை டை-பிரேக்கருக்குத் தொடராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

டை-பிரேக்கர்ல அடிச்சது கோல் கணக்குல சேருமா? சேத்ரிக்கு எத்தனை?

சேராது. பதிவேட்டில் அந்த இறுதி ஆட்டம் 1-1 டிராதான். சேத்ரிக்கு இந்தப் போட்டியில் 5 கோல்: பாகிஸ்தானுக்கு எதிராக 3, நேபாளத்துக்கு எதிராக 1, குவைத்துக்கு எதிராக 1. அதிக கோல் அடித்தவரும் மதிப்புமிக்க வீரரும் அவரே. சிறந்த கோலி விருது வங்கதேசத்தின் அனிசுர் ரஹ்மான் ஜிகோவுக்குப் போனது.

ஃபிஃபா தரவரிசைக் கணக்கில் மட்டும் ஒரு சலுகை: சாதா வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5 என்று எடுக்கும் இடத்தில் டை-பிரேக்கர் வெற்றிக்கு 0.75 எடுப்பார்கள்.

நம்ம தமிழ்நாட்டுப் பசங்க யாராவது இருந்தாங்களா?

சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் அணிப் பட்டியலில் இருந்தார். இறுதியில் கோல் அடித்த சாங்தே மிசோரம்காரர், கார்னர் எடுத்த தாபா உத்தராகண்ட்காரர். ஆனால் இருவரும் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.க்குப் பல சீசன் ஆடியவர்கள். சென்னை நேரு ஸ்டேடியத்தில் அவர்களைப் பார்த்த சேலத்துக்காரர்கள் நிறையப் பேர் உண்டு.

சேலத்துல இருந்து கண்டீரவா ஸ்டேடியத்துக்கு எப்படிப் போறது? அடுத்த தடவை போகணும்.

பெங்களூரு இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சாலை தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. ரயில் தர்மபுரி-ஓசூர் வழியும் உண்டு, ஜோலார்பேட்டை வழியும் உண்டு. மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதா மெட்ரோவில் கப்பன் பார்க் வரை போனால் அங்கிருந்து நடந்துவிடலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் மாலை நெரிசல் பெரும் தொல்லை. மதியமே ஊருக்குள் போய்விடுவது நல்லது.

திரும்பும் நேரத்தைத்தான் எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் 9.30-க்குள் முடியும் என்று டிக்கெட் போடுவார்கள். நாக்-அவுட் என்றால் எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிடம், இடைவேளை, டை-பிரேக்கர் எல்லாம் சேர்த்து 10.20 ஆகிவிடும், கூட்டத்தோடு வெளியே வர இன்னும் அரை மணி. அரையிறுதி, இறுதி என்றால் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் வண்டியில் இடம் போடுங்கள்.

சொந்த ஊரு, சொந்தக் கூட்டம். அதனாலதானே ஜெயிச்சாங்க?

ஒரு பங்கு அதுதான், மறுக்க முடியாது. சாஃப் வரலாற்றில் 14 பதிப்பில் 7 முறை நடத்திய நாடே வென்றிருக்கிறது: 1995 இலங்கை, 1999 இந்தியா, 2003 வங்கதேசம், 2008 மாலத்தீவு (இலங்கையுடன் சேர்ந்து நடத்தியது), 2011, 2015, 2023 இந்தியா. இந்தியா நான்கு முறை நடத்தியது; கோவா, டெல்லி, திருவனந்தபுரம், பெங்களூரு, நான்கிலும் கோப்பை. உலகக் கோப்பையில் உருகுவே 1930, இத்தாலி 1934, இங்கிலாந்து 1966, மேற்கு ஜெர்மனி 1974, அர்ஜென்டினா 1978, பிரான்ஸ் 1998 என்று ஆறு முறை.

அந்தப் பங்கு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கண்டீரவா பெங்களூரு எஃப்.சி.யின் சொந்த மைதானம். சேத்ரிக்கும் குர்பிரீத்துக்கும் அதுதான் தினசரி வீடு. எந்தப் பக்கம் மழைத்தண்ணீர் தேங்கும், இரவு விளக்கில் உயரப் பந்து எங்கே கண்ணைக் கூசவைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். பயணக் களைப்பு கிடையாது. இறுதியில் 25,000 பேருக்கு மேல் கூடி வந்தே மாதரம் முழங்கினார்கள். ஆனால் 14-வது நிமிடத்தில் கோல் வாங்கும்போதும் அதே கூட்டம் அங்கேதான் இருந்தது. உதாந்தா உதைத்தபோதும் இருந்தது. சொந்த மண் களைப்பைக் குறைக்கும். 11 மீட்டரில் வைத்த பந்தை யாரோ ஒருவர் உதைத்துத்தான் ஆக வேண்டும்.

ஏற்காட்டுல கேம்ப் போட்டா பெங்களூர்க்காரங்களுக்கு ஈடு கொடுக்கலாம்னு சொல்றாங்களே?

உயரத்தைச் சொல்கிறார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், பெங்களூரு சுமார் 920, ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. 900 மீட்டரில் மூச்சு வித்தியாசம் மிகக் குறைவு. அதற்காக மலையேற வேண்டாம். ஏற்காட்டின் உண்மையான பயன் குளிர்ச்சி: மே மாதம் சேலத்தில் காலை 8 மணிக்கு மேல் ஓட முடியாதபோது அங்கே முழு செஷன் நடத்தலாம்.

உயரமே கோப்பைக்குக் கைகொடுத்த இடம் பொலிவியா. 1963-ல் தென்னமெரிக்கச் சாம்பியன்ஷிப்பை சுமார் 3,600 மீட்டர் உயர லா பாஸிலும் 2,500 மீட்டருக்கு மேலுள்ள கோச்சபாம்பாவிலும் நடத்தி, பிரேசிலை 5-4 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அந்தக் கோப்பை அவர்களுக்கு அந்த ஒரே முறைதான்.

கீழ காத்தடிச்ச பந்து ஏற்காட்டுல கல்லு மாதிரி ஆயிடுது. ஏன்?

பந்துக்குள் இருக்கும் காற்று அதேதான். வெளியே அழுத்தம் குறைகிறது. ஏற்காட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் 10 பி.எஸ்.ஐ. வைத்த பந்து, வெப்பம் மாறாமல் இருந்தால், மேலே சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடிவிடும். குளிரில் உள்காற்று சுருங்குவதால் அதில் ஒரு பகுதி ஈடாகும். விதி அனுமதிப்பது 8.5 முதல் 15.6 வரை என்பதால் விதி மீறாது, ஆனால் தலையில் வாங்கும் பிள்ளைகளுக்கு வலிக்கும், முதல் தொடுதலில் பந்து துள்ளி ஓடும்.

மேலே போய் அரை மணி நேரம் பையை விட்டு வெளியே வைத்து, பந்து குளிர்ந்த பிறகு கேஜ் வைத்துப் பார்த்துக் குறையுங்கள். ஊசியை ஈரப்படுத்திச் செருகுங்கள், உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். இறங்கி வரும்போது இதே கணக்குத் தலைகீழ்: ஏற்காட்டில் சரியாக வைத்த பந்து சேலத்தில் தொளதொளத்துப் போகும். பந்து பஞ்சர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பொம்பளைப் பிள்ளைங்க டீமும் இப்படி ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயித்திருக்கிறார்கள். பெண்கள் சாஃப் போட்டியின் முதல் ஐந்து பதிப்பும் (2010, 2012, 2014, 2016, 2019) இந்தியாவுக்கே. அதில் 2016-ஆம் ஆண்டுக்கானது சிலிகுரியில் நம் மண்ணிலேயே நடந்தது; இறுதியில் வங்கதேசத்தை 3-1 என்று வென்றார்கள். 2022, 2024 இரண்டும் வங்கதேசத்துக்குப் போனது.

வெளியூர் போனா தோத்துடறாங்களே? அப்ப இந்த ஜெயிப்புக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று மூன்றிலும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்தக் கோப்பையையும் நடத்திய நாடான கத்தாரே வென்றது. இறுதியில் ஜோர்டானை 3-1, மூன்று கோலும் அக்ரம் அஃபீஃப் அடித்த பெனால்டி.

ஆனால் சாஃப் கணக்கில் மேலே கொடுத்த ஒன்பது பட்டங்களை எடுத்துக்கொண்டால் ஐந்து வெளிநாட்டில் வென்றவை: லாகூர், காட்மாண்டு, கராச்சி, டாக்கா, மாலே. குவைத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் இரண்டு முறை மோதியும் 90 நிமிடத்தில் வெல்ல முடியாத அதே அணியை, 2023 நவம்பர் 16-ல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர்கள் ஊருக்கே போய் 1-0 என்று வென்றோம். கோல் மன்வீர் சிங், இரண்டாம் பாதியில்.